செய்தியும் சிறையும்

உணவும் உடையும் உறையுளும் மாந்தர்க்கு இன்றியமையாதவை என்பர். அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது செய்தி. ஊரில் நிகழ்வது யாது, உலகில் நிகழ்வது யாது, நாளை தன் வீட்டு வாயிலுக்கு வரவிருப்பது யாது என்று அறிய விழையாத மனிதன் இல்லை. கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாத வள்ளுவப் பெருந்தகை, கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். ஏட்டைத் தொடாதவனும் செவி வாயிலாக அறிவு பெற இயலும் என்பது அவர் கருத்து. அவ்வாறாயின், ஒரு மக்களின் செவியை அடைப்பது அவர்தம் அறிவையே அடைப்பதாகும்.

கொடுங்கோலர் இதனை நன்கு அறிவர். இணையம் உலகைப் பிணைத்துள்ள இந்நாளில், சில நாடுகளின் ஆட்சியாளர் அதனை அறுத்தும் வடிகட்டியும் உளவு பார்த்தும் தம் மக்களை இருளில் வைக்க முயல்கின்றனர். இளைஞர்க்கு இது புத்தம் புதிய கொடுமையாகத் தோன்றும். கருவி புதிது, கொடுமை பழையது. சிங்கப்பூர் மக்கள் 1942 முதல் 1945 வரை மூன்றரை ஆண்டுக் காலம் அதனைப் பட்டறிந்தவர்கள். செய்தியைத் தடுக்கும் ஆட்சியால் செய்தியை ஒழிக்க முடிவதில்லை. அதன் விலையை மட்டும் ஏற்றிவிட முடிகிறது. அவ்விலையை மிகுதியாகச் செலுத்துவோர் எளியவர்களே. இவ்வுண்மையைச் சயோனான் காலத்து வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

வீழ்ச்சிக்கு முன்

செய்தியை மறைக்கும் வழக்கம் ஜப்பானியரோடு தொடங்கியதன்று. போர்க்காலத் தணிக்கை ஆங்கில ஆட்சியிலும் இருந்தது. பகைவர்க்குப் பயன்படும் படைச் செய்திகளை மறைப்பது எல்லா அரசுகளுக்கும் இயல்பே. ஆயின், தன் குடிமக்கள் உயிர் பிழைக்க அறிய வேண்டியவற்றையும் அரசு மறைக்குமானால், அஃது அவர்களைக் கைவிட்டதற்கு ஒப்பாகும்.

பினாங்கில் அதுவே நிகழ்ந்தது. 1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் நகரின்மீது குண்டு பொழிந்தன. சில நாளில், இரவோடு இரவாக, ஐரோப்பியர் மட்டும் தீவைவிட்டு அகற்றப்பட்டனர். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் விடிந்த பின்னரே தாங்கள் கைவிடப்பட்டதை அறிந்தனர். பின்னர்ச் சிங்கப்பூரில் வானொலியில் உரையாற்றிய ஆங்கில அமைச்சர் டஃப் கூப்பர், பினாங்கு மக்களுள் பெரும்பகுதியினர் பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டனர் என்னும் பொருள்பட மகிழ்ச்சி தெரிவித்தார். அவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் பெரும்பாலோர் ஆசியர். 'மக்கள்' என்ற சொல்லில் தாங்கள் அடங்கவில்லை என்பதை அவர்கள் வானொலி வாயிலாகவே தெரிந்துகொண்டனர்.

அந்நாளில் பினாங்கு மக்களுக்குத் துணை நின்றவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த பத்திரிகையாளர் மாணிக்கசோதி சரவணமுத்து. 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளேட்டின் ஆசிரியராக இருந்த அவர், ஆள்வோர் அகன்ற நகரில் ஒழுங்கு காக்கச் சேவைக் குழு ஒன்றை முன்நின்று நடத்தினார். படை அகன்றுவிட்டதை அறியாமல் ஜப்பானியர் மேலும் குண்டு வீசாதபடி, கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த ஆங்கிலக் கொடியை இறக்கச் செய்தவரும் அவரே. அழிக்கப்படாமல் விட்டுச் செல்லப்பட்ட பினாங்கு வானொலி நிலையமோ ஜப்பானியர் கையில் சிக்கி, சிங்கப்பூரை எள்ளி நகையாடும் கருவியாயிற்று. மக்களிடம் உண்மை கூறாத ஆட்சியின் வானொலி, பகைவன் வாயாக மாறியது.

புதிய பெயர், புதிய நேரம், புதிய செய்தி

1942 பிப்ரவரி 15ஆம் நாள், புக்கிட் தீமாவிலிருந்த ஃபோர்டு தொழிற்சாலையில் ஜெனரல் பெர்சிவல், ஜெனரல் யமாஷிதாவிடம் சரணடைந்தார். சிங்கப்பூர் 'சயோனான்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. தெற்கின் ஒளி என்பது அப்பெயரின் பொருள். ஊர்ப் பெயரோடு நேரமும் மாறியது. கடிகாரங்கள் ஒன்றரை மணி முன்னோக்கித் திருப்பப்பட்டுத் தோக்கியோ நேரத்தைக் காட்டின. ஆண்டுக் கணக்கும் மாறியது. 1942ஆம் ஆண்டு ஜப்பானிய முறைப்படி 2602 ஆயிற்று. ஒரு மக்கள் தாம் எங்கிருக்கிறோம், எப்பொழுதில் இருக்கிறோம் என்பதையும் ஆள்வோர் சொல்லித்தான் அறிய வேண்டும் என்ற நிலை அது.

சரணடைந்த ஐந்தாம் நாளே, பிப்ரவரி 20ஆம் நாள், 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' இருந்த இடத்தில் ஜப்பானியர் தம் ஆங்கில நாளேட்டை வெளியிட்டனர். அது பின்னர்ச் 'சயோனான் ஷிம்புன்' என்ற பெயருடன் வந்தது. செய்தித்தாளைக் கைப்பற்றிய விரைவு எண்ணத்தக்கது. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' இக்காலத்தில் வெளிவரவில்லை. கேத்தே கட்டடம் ஜப்பானியரின் ஒலிபரப்புக்கும் பரப்புரைக்கும் நிலைக்களமாயிற்று. பள்ளிகளில் ஜப்பானிய மொழியும் பாட்டும் கற்பிக்கப்பட்டன. நாளேடுகளில் ஜப்பானுக்கு என்றும் வெற்றியே. 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. ஜப்பானிய ஏடுகளோ அதனையும் வெற்றியாகவே எழுதின.

எஞ்சி நின்றது வானொலி. சிற்றலை வழியாக இலண்டனும் தில்லியும் பேசுவதைக் கேட்க இயலும். இதனை அறிந்த ஜப்பானியர், வானொலிப் பெட்டிகளைப் பதிவு செய்யுமாறு கட்டளையிட்டுச் சிற்றலை கேட்கும் பகுதியைச் செயலிழக்கச் செய்தனர். உள்ளூர் ஒலிபரப்பு மட்டுமே கேட்கலாம். மறைவாக வெளிநாட்டுச் செய்தி கேட்போர் கெம்பித்தாய் என்னும் இராணுவக் காவற்படையின் கையில் சிக்கினால், சித்திரவதையும் சிறையும் சாவும் காத்திருந்தன. ஆர்ச்சர்டு சாலைக்கு அருகே இளைஞர் கிறித்துவ சங்கம் இயங்கிவந்த கட்டடமே கெம்பித்தாயின் வதைக்கூடங்களுள் ஒன்றாக மாறியது.

இந்தியரும் இரு வானொலிகளும்

இக்காலத்து இந்தியர் நிலையை ஒரே வண்ணத்தில் தீட்டிவிட முடியாது. சரணடைந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17இல், சிராங்கூன் சாலையை அடுத்த பேரர் பார்க் திடலில் இந்தியப் படைவீரர் சற்றொப்ப 45,000 பேர் ஒன்றுகூட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அங்கிருந்தே இந்திய தேசிய இராணுவத்தின் கதை வளர்ந்தது. 1943 ஜூலை 2ஆம் நாள் சிங்கப்பூர் வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், அதே மாதம் 4ஆம் நாள் கேத்தே கட்டடத்தில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். மறுநாள் பாடாங் திடலில் படை அணிவகுத்தது. தோட்டப் பாட்டாளிகளும் கடைச் சிப்பந்திகளும் பெண்களுமாகத் தமிழர் ஆயிரக்கணக்கில் அவ்வியக்கத்தில் சேர்ந்தனர். சங்கத்தின் ஏடுகள் தமிழிலும் வெளிவந்தன. அதன் வானொலி தமிழிலும் பேசியது.

அத்தமிழர்க்கு அவ்வானொலி விடுதலையின் குரல். அதனை இழித்துரைத்தல் நன்றன்று. ஆயினும், அவர்கள் கேட்க இசைவு பெற்ற குரல் அஃதொன்றே என்பதையும் மறத்தலாகாது. கடலுக்கு அப்பால், இந்தியாவில், இதன் மறுபக்கம் நிகழ்ந்தது. 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின்போது தலைவர்கள் சிறைப்பட்டு, ஏடுகள் தணிக்கைக்கு உட்பட்ட நிலையில், 22 வயது நிரம்பிய உஷா மேத்தாவும் அவர்தம் தோழர்களும் பம்பாயில் மறைவாகக் காங்கிரஸ் வானொலியை நடத்தினர். 1942 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை இடம் மாற்றி இடம் மாற்றி அது ஒலித்தது. நவம்பர் 12ஆம் நாள் காவலர் அதனைப் பிடித்தனர். உஷா மேத்தா நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

ஜப்பானியர் ஆண்ட சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குரலைக் கேட்பது குற்றம். ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் இந்தியர் குரலை எழுப்புவது குற்றம். ஒருவரோடொருவர் போரிட்ட இரு பேரரசுகளும் இதில் மட்டும் ஒத்திருந்தன. அடிமைப்பட்ட மக்களின் செவியை இரண்டுமே அஞ்சின.

சாங்கியில் ஒரு பெட்டி

சாங்கிச் சிறை ஏறத்தாழ 600 கைதிகளுக்காகக் கட்டப்பட்டது. ஜப்பானியர் அதில் ஐரோப்பியக் குடிமக்களை ஆயிரக்கணக்கில் அடைத்தனர். அவர்களுள் சிலர் வானொலிப் பெட்டிகளை மறைத்து வைத்துச் செய்தி கேட்டு, வாய்மொழியாகப் பிறர்க்குப் பரப்பினர். பசியும் நோயும் தின்ற அச்சிறையில், போரின் போக்கு மாறிவருகிறது என்ற செய்தி அரைப்படி அரிசியினும் மிகுந்த வலிமை தந்தது.

1943 செப்டம்பர் 26ஆம் நாள் இரவு, ஆஸ்திரேலியாவிலிருந்து 'கிரைட்' என்னும் மீன்பிடிப் படகில் வந்த நேச நாட்டுப் படைவீரர் அறுவர், சிறு துடுப்புப் படகுகளில் சிங்கப்பூர்த் துறைமுகத்துள் நுழைந்து, கப்பல்களில் வெடிகுண்டுகளைப் பொருத்திவிட்டு மறைந்தனர். ஏழு கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமுற்றன. வெளியிலிருந்து பகைவர் வந்து சென்றிருக்கக் கூடும் என்று ஜப்பானியர் எண்ணவில்லை. சாங்கியில் அடைபட்டோர் மறைவான வானொலி வழியே இதனை இயக்கினர் என்று ஐயுற்றனர். அக்டோபர் 10ஆம் நாள் கெம்பித்தாய் சிறைக்குள் புகுந்தது. வரலாற்றில் 'இரட்டைப் பத்து நிகழ்ச்சி' எனப்படுவது இது. சிறையிலிருந்த 57 பேர் பிடித்துச் செல்லப்பட்டனர். ஆங்கிலிக்கன் பேராயர் லெனார்டு வில்சனும் அவர்களுள் ஒருவர். மாதக்கணக்கில் தொடர்ந்த வதையில் 15 பேர் மாண்டனர். கப்பல்கள் தகர்க்கப்பட்டதற்கும் அவர்களுக்கும் எள்ளளவும் தொடர்பு இல்லை. செய்தி கேட்டது ஒன்றே அவர்கள் செய்தது.

சிறைக்கு வெளியேயும் பிடிபட்டோர் இருந்தனர். ஆசிரியர் உலகம் நினைவில் வைக்க வேண்டிய பெயர் எலிசபெத் சோய். வட போர்னியோவில் பிறந்து, சிங்கப்பூரில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர் அவர். ஆக்கிரமிப்புக் காலத்தில் அவரும் அவர் கணவரும் மியாக்கோ மருத்துவமனையில் சிற்றுண்டிக் கடை நடத்தினர். சிகிச்சைக்கு வந்த கைதிகள் வழியாகச் சிறைக்கு மருந்து, பணம், கடிதம் ஆகியவற்றோடு வானொலி உறுப்புகளும் சென்று சேர அவர்கள் உதவினர். முதலில் கணவர் பிடிபட்டார். 1943 நவம்பர் 15ஆம் நாள் எலிசபெத்தும் பிடிபட்டார். ஏறத்தாழ 200 நாள்கள், ஆண்கள் பலரோடு நெருக்கியடித்த ஒரு சிற்றறையில் அவர் அடைக்கப்பட்டார். கணவர் கண்முன்னே மின்சாரம் பாய்ச்சி வதைக்கப்பட்டார். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள அவர் இசையவில்லை. போர் முடிந்தபின், தம்மை வதைத்தவர்க்கு மரண தண்டனை வேண்டும் என்று கேட்கவும் அவர் மறுத்தார். போரே மனிதரை அவ்வாறு ஆக்கியது என்பது அவர் எண்ணம். 1951இல் சட்டமன்றத்தில் இடம்பெற்ற அவர், பின்னர்ப் பார்வையற்றோர் பள்ளியின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். நாட்டு விடுதலைக்குப் பின்னும் பல தலைமுறை மாணவர்க்கு அவர் ஆசிரியராக விளங்கினார்.

பாப்பான் சிற்றூரின் ஜோசபின்

மலாயா வடபகுதியில், ஈப்போவை அடுத்த பாப்பான் என்னும் சிற்றூரில் ஒரு தமிழ் மருத்துவர் குடும்பம் இருந்தது. மருத்துவர் கார்த்திகேசுவின் மனைவி சிபில் கார்த்திகேசு, செவிலியப் பயிற்சி பெற்றவர். காட்டில் போரிட்ட ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் இரவில் அவர் வீட்டுப் பின்வாயில் வழியே வந்து மருத்துவம் பெற்றனர். அவ்வீட்டில் ஒரு வானொலிப் பெட்டி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. பிறர் காதில் விழுந்தாலும் ஐயம் எழாதிருக்க, அதற்கு 'ஜோசபின்' என்று பெண் பெயர் சூட்டியிருந்தனர். இலண்டன் வானொலியில் கேட்ட செய்தி, நோயாளர்க்கும் நண்பர்க்கும் மருந்தோடு மருந்தாக வழங்கப்பட்டது.

1943இல் கணவரும் மனைவியும் பிடிபட்டனர். தாயின் முன்னே சிறுமியான மகளையும் கெம்பித்தாய் அச்சுறுத்தியது. சிபில் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. வதையினால் நடக்கவும் இயலாதவராய் விடுதலை பெற்ற அவர், சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஜார்ஜ் பதக்கம் அவர்க்கு அளிக்கப்பட்டது. எனினும் உடல் தேறவில்லை. 1948 ஜூனில் அவர் உயிர் நீத்தார்.

செய்தி எட்டாத மக்கள்

இதுவரை கூறப்பட்டோர் செய்தியை அறிந்தமைக்காகத் துன்புற்றவர்கள். செய்தியை அறியாமையால் மாண்டோர் தொகையோ இவர்களினும் பன்மடங்கு பெரிது.

சயாமிலுள்ள பான்போங்கையும் பர்மாவிலுள்ள தன்புசாயாட்டையும் இணைக்க, 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதையை ஜப்பானியர் அமைத்தனர். 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. 60,000க்கு மேற்பட்ட போர்க்கைதிகள் அதில் உழைத்தனர். அவர்களுள் 12,000க்கு மேற்பட்டோர் மடிந்தனர். கைதிகள் போதாமையால், 1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கூலியாட்களுக்கு விளம்பரம் செய்யப்பட்டது. நல்ல கூலி, குறுகிய ஒப்பந்தம், குடும்பத்தோடு தங்க இடம் என்பன அதில் கண்ட உறுதிமொழிகள். போதிய ஆட்கள் முன்வராதபோது வலுக்கட்டாயமாகப் பிடித்துச் சென்றனர். இரப்பர் ஏற்றுமதி நின்று, வேலையும் அரிசியும் இன்றிக் கிடந்த தோட்டத் தமிழரே அதில் பெருந்தொகையினராகச் சிக்கினர்.

அவர்களிடம் வானொலி இல்லை. அவர்கள் மொழியில் உண்மை எழுதும் நாளேடு இல்லை. முன்னர்ச் சென்றவர் எழுதிய கடிதம் வந்து சேர வழியில்லை. முதலிற் சென்ற தொகுதியினர் வாந்திபேதியிலும் பசியிலும் வீழ்ந்துகொண்டிருந்தபோதும், அடுத்த தொகுதியினர் அதனை அறியாமல் இரயிலேறிக் கொண்டிருந்தனர். தோட்டத்தை எட்டிய ஒரு சிறு செய்தி எத்தனையோ குடும்பங்களைக் காட்டுக்குள் ஒளியச் செய்து காப்பாற்றியிருக்கும். அவ்வேலைக்குச் சென்ற ஆசியத் தொழிலாளர் 2 இலட்சத்தினர் இருக்கலாம் என்றும், மாண்டோர் 90,000 பேர் என்றும் ஒரு கணக்கு உண்டு. இத்தொகை இன்னும் கூடுதல் என்போரும் உளர். கணக்கே மதிப்பீடாக நிற்பது, அவர்களை எவரும் எண்ணவில்லை என்பதற்குச் சான்று.

அதே பாதையில் உழைத்த போர்க்கைதிகள் சிலர் காஞ்சனபுரி முகாமில் தாமே வானொலி செய்து மறைத்துக் கேட்டனர். 1943 ஆகஸ்டில் அது பிடிபட்டபோது, அதிகாரிகள் இருவர் அடித்தே கொல்லப்பட்டனர். அவர்கள் பட்ட துன்பம் நூல்களில் பதிந்தது. மாண்ட கைதிகளின் பெயர்கள் காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் தன்புசாயாட்டிலும் உள்ள கல்லறைகளில் நிரல்பட நிற்கின்றன. தமிழ்த் தொழிலாளியின் பெயர் எக்கல்லிலும் இல்லை. செய்தி உள்ளே வருவதற்கு வழியில்லாதவனுக்கு, அவன் செய்தி வெளியே செல்வதற்கும் வழியில்லை. இவ்விரண்டும் ஒரே கதவு.

பொய்யின் முடிவு

1945 ஆகஸ்டு 15ஆம் நாள் ஜப்பானியப் பேரரசர் சரணடைவை வானொலியில் அறிவித்தார். சிங்கப்பூரின் ஏடு அதனைச் சில நாள் கழித்தே வெளியிட்டது. அதற்குள் செய்தி செவிவழியாக நகரெங்கும் பரவிவிட்டது. மூன்றரை ஆண்டு வெற்றி வெற்றி என்று கூறிய ஏட்டின் சொல்லை அந்நாளில் நம்புவார் எவரும் இலர். உண்மையை அடைத்து வைக்கும் ஆட்சி, தன் சொல்லுக்கு இருந்த மதிப்பையும் அதனோடு சேர்த்து இழக்கிறது. செப்டம்பர் 5ஆம் நாள் ஆங்கிலப் படைகள் மீண்டன. 7ஆம் நாள் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' மீண்டும் வெளிவந்தது. 1946 மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் இரட்டைப் பத்து வழக்கு விசாரிக்கப்பட்டு, கெம்பித்தாயினர் 21 பேருள் எண்மர்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

போர் புகட்டிய பாடத்தை உலகம் எழுத்திலும் வடித்தது. 1948 டிசம்பர் 10ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 19ஆம் பிரிவு, எல்லை எதுவாயினும் எவ்வகை ஊடகத்தின் வழியாயினும் செய்தியைத் தேடவும் பெறவும் வழங்கவும் எல்லார்க்கும் உரிமை உண்டு என்கிறது.

கருவி மாறியது

அந்த உரிமை ஏட்டளவில் நின்ற இடங்கள் பல. வட கொரியாவில் வானொலிப் பெட்டிகள் அரசு நிலையத்தை மட்டும் கேட்கும்படி பூட்டப்பட்டே விற்கப்படுகின்றன. சயோனான் காலத்துப் பெட்டியின் நேர் வாரிசு இது. அந்நாட்டுப் பொதுமக்களுக்கு உலக இணையம் இல்லை. உள்நாட்டு வலை ஒன்றே உண்டு. எகிப்தில் 2011 ஜனவரி இறுதியில் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, இணையச் சேவை நிறுவனங்கள் அரசின் ஆணைப்படி தம் வழித்தடங்களை மூடின. ஏறத்தாழ ஐந்து நாள் நாடே இணைய உலகிலிருந்து மறைந்தது. மியன்மாரில் 2021 பிப்ரவரி 1ஆம் நாள் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அம்மாதம் 4ஆம் நாள் ஃபேஸ்புக் தடுக்கப்பட்டது. 15ஆம் நாள் முதல் இரவு 1 மணியிலிருந்து காலை 9 மணிவரை இணையம் துண்டிக்கப்பட்டது. கைதுகள் நிகழும் இரவு வேளையில் கண்ணும் செவியும் கட்டப்பட்டன.

மக்களாட்சி நாடுகளும் இதற்கு முற்றும் விலக்கல்ல. காசுமீரத்தில் 2019 ஆகஸ்டில் நிறுத்தப்பட்ட இணையம், 2021 பிப்ரவரியில்தான் முழுவேகத்தோடு திரும்பியது. இடையே, 2020 ஜனவரி 10ஆம் நாள், கால வரையின்றி இணையத்தை நிறுத்துவது சட்டத்திற்கு ஒவ்வாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் கூறிற்று.

ஈழத் தமிழர் இதனைத் தனியாக அறிவர். 1990க்குப் பின் யாழ்ப்பாணத்திற்கு மின்கலங்கள் கொண்டு செல்லவும் தடை இருந்தது. மின்சாரமும் இல்லை. மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுழற்றி, அதன் டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தால் வானொலியை இயக்கினர். ஒருவர் மிதிக்க, ஊரார் சூழ்ந்து பி.பி.சி. தமிழோசை கேட்டனர். பின்னர் இணையம் வந்தது. 2007 ஜூனில் 'தமிழ்நெட்' என்னும் செய்தித் தளம் இலங்கையில் தடுக்கப்பட்டது. சாங்கிக் கைதியும் யாழ்ப்பாணத்துச் சிறுவனும் காலத்தால் அரை நூற்றாண்டு வேறுபட்டவர்கள். இருவரும் செய்த வேலை ஒன்றே.

மறுபக்கமும் உண்டு

செய்தி யாவும் நன்மையே செய்யும் என்பாரும் வரலாற்றை முழுதும் கற்றவராகார். 1950 டிசம்பரில் மரியா ஹெர்டோக் வழக்கையொட்டி ஏடுகள் வெளியிட்ட படங்களும் எழுத்துகளும் சமய உணர்வைக் கிளறின. சிங்கப்பூரில் மூண்ட கலவரத்தில் 18 பேர் மாண்டனர். பல இன மக்கள் நெருங்கி வாழும் தீவில் ஒரு பொய்ச்செய்தி தீக்குச்சியாகும் என்பது உண்மை. சிங்கப்பூர் இணையத்தை விரைந்து வரவேற்ற நாடு; 1996இல் அதற்கு உரிம முறை வகுத்து, அடையாளமாக ஏறத்தாழ நூறு தளங்களைத் தடுத்த நாடும் அதுவே. பொய்ச்செய்திக்கு எதிரான சட்டம் 2019 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய சட்டங்களின் எல்லை எதுவரை என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது பற்றிப் பேச இயலுவதே நலமான அடையாளம்.

வேறுபடுத்தி அறியும் உரைகல் ஒன்று உண்டு. தவறான செய்திக்கு மறுப்பை அதன் அருகே வைக்கும் ஆட்சி, மக்களின் அறிவை நம்புகிறது. செவியையே அடைக்கும் ஆட்சி, மக்களை அஞ்சுகிறது. காதுக்கு இனிக்காத உரையையும் பொறுத்துக் கேட்பது வேந்தனுக்கு அழகு என்பது வள்ளுவர் வகுத்த அரசியல். அவ்வழகு இல்லாத இடத்தில் எத்துணை வலிய ஆட்சியும் தன் குடிகளிடையே குருடனாய் நடக்கும்.

ஆசிரியர் கடமை

சிங்கப்பூர்த் தமிழர்க்கு இணையத்தோடு பெருமைக்குரிய உறவு ஒன்று உண்டு. ஆசிரியர் பயிற்சி நிலையத்தில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் முயற்சியால், 1995இலேயே இங்கிருந்து தமிழ் எழுத்து இணையத்தில் ஏறியது. 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாடு இந்நகரில் கூடியது. உலகத் தமிழர் ஒருவரோடொருவர் தடையின்றிப் பேசுவதற்கு வாயில் திறந்தவர்களுள் ஓர் ஆசிரியரும் இருந்தார் என்பது ஆசிரியர்க்கெல்லாம் பெருமை.

அவ்வாயிலைத் திறந்து வைப்பது அரசின் கடமை மட்டுமன்று; வகுப்பறையின் கடமையுமாகும். ஒரு செய்தியை யார் கூறுகிறார், எதனால் கூறுகிறார், மற்றொருவர் அதனை எவ்வாறு கூறுகிறார் என்று ஒப்பிட்டு நோக்கும் பழக்கத்தை மாணவர்க்கு ஊட்ட வேண்டும். கையில் உலகச் செய்தியெல்லாம் வந்து குவிந்தும் ஒன்றை மட்டும் கேட்டு நிறைவடையும் இளைஞன், தன் வானொலிப் பெட்டியைத் தானே பூட்டிக்கொண்டவனாவான்.

சயோனான் காலத்து வரலாற்றைக் கற்பிக்கும்போது, போர்க்களங்களின் பெயரோடும் தளபதிகளின் பெயரோடும் பாடம் முடிந்துவிடலாகாது. வானொலி உறுப்பைச் சிற்றுண்டிக் கடை வழியே அனுப்பிய ஆசிரியையை மாணவர் அறிதல் வேண்டும். மூன்று வரி விளம்பரத்தை நம்பிச் சயாமுக்கு இரயிலேறிய தோட்டத் தமிழனையும் அறிதல் வேண்டும். ஒருவர் செய்தியின் விலையை அறிந்து செலுத்தினார். மற்றவனிடம் அவ்விலையை, அவன் அறியாமலே, உயிராகப் பறித்துக்கொண்டனர்.